ஜோலார்பேட்டையில் ஓர் எட்டுக்கால் விருந்தாளி

ஜோலார்பேட்டையை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள்... குறட்டை விட்டபடி! சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் பெங்களூருக்கும் சேலத்துக்குமாகப் பாகம் பிரித்துக்கொள்ளும் ஜங்ஷன். 2019-ல் தொண்டை வறண்ட சென்னைக்கு ரயிலில் தண்ணீர் அனுப்பிய புண்ணியவதி. நிமிர்ந்தால் ஏலகிரி மலை.

அங்கே அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போட்டால், சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி! நண்டு மாதிரி பக்கவாட்டில் விர்ரென்று ஓடியது. நான் அலறிய அலறலில், சிக்னலுக்கு நின்ற கூட்ஸ் வண்டியே கிளம்பியிருக்கும்.

"அடிங்க மாமா!"

"விடு மச்சான். ஒரு தடவை அடிச்சுப் பட்டாச்சு" என்றார் மாமா.

இரண்டு வருஷம் முன்பு அவருடைய அம்மாவுக்கு நெற்றியில் கொப்புளம். 'பூச்சி மேலே ஓடிடுச்சு' என்று தீர்ப்பாகி, சுவரில் இருந்ததற்குத் துடைப்பத்தால் மரண தண்டனை. நெற்றியில் காவியால் அக்கி எழுதினார்கள். நாலாம் நாள் கண் வீங்கிவிட்டது. ஓடினார்கள் டாக்டரிடம்.

"பூச்சி மேல பழி போடாதீங்க. எப்பவோ வந்த சின்னம்மையோட வைரஸ் நரம்புல பதுங்கியிருந்து இப்ப கிளம்பியிருக்கு. மூணு நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சிருக்கணும். நெற்றியில வந்தா கண்ணுக்கே ஆபத்து!"

கண் தப்பியது. வலி மட்டும் பல மாசம் போகவில்லை.

பி.காம். படித்தவனாச்சே, பூச்சிக்கும் கணக்குப் பார்த்தேன். வரவு: இரை பிடிக்க வலை பின்னாது, ஆகவே ஒட்டடை இல்லை, ராத்திரியில் கரப்பான்பூச்சியைத் துரத்திப் பிடித்துத் தின்னும். பற்று: கையால் அமுக்கினால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. வாழைத்தாரில் ஒளிந்து கப்பலேறி உலகம் சுற்றிய பரம்பரை. 1767-ல் லின்னேயஸ் இதற்கு வைத்த லத்தீன் பெயரில் 'வேட்டைக்காரி' என்ற அர்த்தம் இருக்கிறது.

காலையில் பார்த்தேன். காலண்டருக்குப் பின்னால் வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லையாக ஒரு முட்டைப் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. பிள்ளைத்தாச்சி!

மாமாவின் அம்மா தேதி கிழிக்க வந்தார். காலண்டரை மெதுவாக இரண்டு தட்டு தட்டினார்.

"கொஞ்சம் நகந்துக்கோடி யம்மா... நேத்து தேதியைக் கிழிக்கணும்."

நகர்ந்தது. நானும்தான், நாலடி!