ஓடுன்னு கத்தினது நான்தான்



போன வாரம் எழுத முடியவில்லை. கரிசல் காட்டில் உழவு ஓட்டிப் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் விவசாயம் கொஞ்சம்தான். விளையாட்டுதான் அதிகம். அதுவும் கிரிக்கெட் இல்லை, சாஃப்ட்பால்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் பி.டி. டீச்சர் அவளைக் கூப்பிட்டு டீமில் சேர்த்துவிட்டார். ஆட்டுக்குட்டி பின்னால் ஓடி ஓடி வளர்ந்த கால், நன்றாக ஓடும். எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. நாலு மூலையில் நாலு பேஸ், அடித்துவிட்டு ஒவ்வொரு பேஸாக ஓடி, கடைசியில் ஹோமைத் தொட்டால் ஒரு ரன். என் அறிவு அவ்வளவுதான்.

ஆவணிக் கடைசியில் ஒரு போட்டி. டி.வி.எஸ். எக்செல்லை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். ஏழாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. நம்ம பிள்ளைகள் ஒரு ரன் பின்னாடி. ஒருத்தி அவுட். என் மகள் மூணாவது பேஸில் நிற்கிறாள். அங்கேயிருந்து ஹோமுக்கு 60 அடிதான். நம்ம வீட்டு வாசலில் இருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போகிற தூரம்.

பேட்டர் தூக்கி அடித்தாள். பந்து இடது பக்கம் உயரமாக, ரொம்பத் தூரம் போனது. என் மகள் ஓடவில்லை. ஒரு காலைப் பேஸில் வைத்துக்கொண்டு, குனிந்து, பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பதறிவிட்டது. பயந்துட்டாளோ, மறந்துட்டாளோ?

"ஓடு தாயி! ஓடு!"

காட்டில் ஆளைக் கூப்பிட்டுப் பழகின தொண்டை. மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். அவளுக்கும் கேட்டது. அப்பன் குரல் கேட்டதும் கால் தன்னால் கிளம்பிவிட்டது. ஓடி ஹோமைத் தொட்டும்விட்டாள். நான் துண்டைச் சுற்றிக் குதித்தேன்.

அங்கே தூரத்தில் நின்ற பெண் பந்தைப் பிடித்திருந்தாள். அடித்தவள் அவுட். பிடித்தவள் அதை மூணாவது பேஸுக்கு எறிந்தாள். அங்கே நின்ற பிள்ளை பந்தை வாங்கி, பேஸை மிதித்து, அம்பயரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அம்பயர் என் மகளையும் அவுட் என்றார். மூணு அவுட். ஆட்டம் முடிந்தது. ஒரு ரன்னில் தோல்வி.

ஹோமைத் தொட்ட பிறகு எப்படி அவுட்? அம்பயர்கிட்டச் சண்டைக்குப் போகப் பார்த்தேன். டீச்சர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீங்க கத்தாம இருந்திருந்தா அவ நின்னிருப்பாண்ணே" என்று மட்டும் சொன்னார்.

வீடு வருகிற வரைக்கும் வண்டியில் அவள் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. மூணாவது நாள் ராத்திரி நானே போய்க் களத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்பா செஞ்சது தப்புதான். என்ன தப்புன்னு சொல்லிக் குடு" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தவள், ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கட்டம் போட்டாள். நாலு மூலைக்கு நாலு மக்காச்சோளக் கதிர். ஓடுகிற பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை.

"கிரிக்கெட்ல கேட்ச் பிடிச்சா பந்து செத்துப் போகும். ஓடின ரன்னும் செல்லாது. இதுல பந்து சாகாதுப்பா. அடிச்சவ அவுட், ஆனா பேஸ்ல நிக்கிறவ ஓடலாம். ஒரே ஒரு நிபந்தனை. பந்து கையில பட்ட பிறகுதான் பேஸை விடணும். முன்னாடியே விட்டிருந்தா, திரும்பி வந்து பேஸை மிதிச்சிட்டுத்தான் ஓடணும். இதுக்குப் பேரு டேக் அப்."

"மிதிக்கலேன்னா?"

"அவங்க பந்தை அந்தப் பேஸுக்குக் கொண்டுவந்து அம்பயர்கிட்டக் கேப்பாங்க. நான் ஹோமைத் தொட்டிருந்தாலும் அவுட்தான்."

பந்தைக் கெட்டியாகப் பிடித்து முடிக்கும்வரை நிற்க வேண்டியதில்லையாம். முதல் தடவை பட்ட நொடியே கிளம்பலாம். இல்லையென்றால் பிடிக்கிறவள் பந்தைக் கைக்குக் கை தட்டிக்கொண்டே ஓடி வந்து, எதிராளியை நகரவிடாமல் செய்துவிடுவாளே! எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான் பாருங்கள்.

இன்னொன்றும் சொன்னாள். முதல் பேஸிலும் ரெண்டாவது பேஸிலும் ஆள் நிற்குது, ரெண்டு அவுட் ஆகவில்லை. அடித்த பந்து உள்ளுக்குள்ளேயே உயர ஏறி, பக்கத்தில் நிற்கிறவள் சுலபமாகப் பிடிக்கிற மாதிரி இறங்குது. அவள் வேண்டுமென்றே கீழே விட்டால்? கேட்ச் என்று நம்பிப் பேஸில் நின்ற ரெண்டு பேரும் திடீரென்று ஓடியாக வேண்டும். ரெண்டு பேரையும் சுருட்டிவிடலாம். அந்தக் கள்ளத்தனம் நடக்கக்கூடாது என்று, பந்து மேலே இருக்கும்போதே அம்பயர் 'இன்ஃபீல்டு ஃப்ளை' என்று சொல்லி அடித்தவளை அவுட் ஆக்கிவிடுவார். பிடித்தாலும் விட்டாலும் அவுட். நிற்கிறவர்களுக்கு ஓட வேண்டிய கட்டாயம் போய்விடும்.

1887-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில், பாக்ஸிங் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, விளக்குமாற்றுக் கம்பால் அடித்து ஆரம்பித்த விளையாட்டாம் இது. 1996-ல் ஒலிம்பிக்குக்கே போய்விட்டது. விளக்குமாற்றில் தொடங்கினதுக்கு இவ்வளவு சட்டம்!

"அப்போ எப்பவும் நின்னுதான் ஓடணுமா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. முதல் பேஸ்ல இருந்தா கொஞ்ச தூரம் போய்ப் பாக்கணும். விழுந்தா ஓடணும், பிடிச்சா திரும்பணும். மூணாவது பேஸ்ல கால் அங்கேயே இருக்கணும். ஆனா ரெண்டு அவுட் ஆயிருச்சுன்னா கண்ணை மூடிட்டு ஓடணும். பிடிச்சா எப்படியும் இன்னிங்ஸ் முடிஞ்சிரும். நின்னு என்ன லாபம்?"

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. முந்தின வருஷம் நான் செய்தது நினைவுக்கு வந்தது. புரட்டாசியில் மேகம் கருத்தது. ஊரே புழுதியில் விதைத்தது, நானும் விதைத்தேன். முளைக்கிற அளவுக்கு ஒரு தூறல், அப்புறம் இருபது நாள் வெயில். முளைத்தது அத்தனையும் கருகிப்போச்சு. புழுதி விதைப்பு தப்பென்று சொல்ல மாட்டேன், தாத்தா காலத்திலிருந்து இருக்கிற முறைதான். மறு விதைப்புக்கு விதை வைத்திருக்கிறவன் செய்யலாம். என்னிடம் இருந்தது ஒரு விதைப்புக்கான விதை. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரன் "விதை, விதை" என்றான், விதைத்தேன். பேஸை விட்டது நான்தான்.

போன சனிக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு ஒரு ஆட்டம். மறுபடியும் போனேன். கத்தக்கூடாது என்று துண்டை மடித்து வாயில் வைத்துக்கொண்டேன். ரன் சமம். ஒருத்தி அவுட். மறுபடியும் இவள் மூணாவது பேஸில்.

பந்து மேலே போனது, ஆனால் தூரம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் "ஓடு, ஓடு" என்றார். அவர் தொடையில் கையை வைத்து, "சும்மா இருங்கண்ணே" என்றேன். பந்து பிடிபட்டது. இவள் ரெண்டு எட்டு வைத்துப் பார்த்தாள். எறி வேகமாக வந்தது. பேஸுக்கே திரும்பிவிட்டாள். ரெண்டு அவுட்.

அடுத்தவள் அடித்ததும் உயரத்தான் போனது. இந்தத் தடவை இவள் பந்தைப் பார்க்கவேயில்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்டதும் கிளம்பிவிட்டாள். "ஐயோ, இப்ப ஏன் ஓடுறா?" என்றார் பக்கத்துக்காரர்.

"ரெண்டு அவுட்டுண்ணே" என்றேன்.

பிடிக்க வந்த பிள்ளை கையில் பட்டுப் பந்து நழுவி விழுந்தது. அதற்குள் இவள் ஹோமைத் தாண்டிவிட்டாள். எழுந்து நின்று தூசியைத் தட்டிக்கொண்டே, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடினாள். நான் துண்டை வாயிலிருந்து எடுத்தேன். சிரித்துவிட்டாள்.

காட்டில் இன்னும் விதைக்கவில்லை. ஐப்பசி பாதி ஆகப்போகுது. ஒரு உழவு மழை பெய்து மண் ஈரமானால் அன்றைக்கே விதைப்பேன். பெய்யாமலே ஐப்பசி கடைசி வந்துவிட்டாலும் விதைத்துவிடுவேன். அதற்கு மேல் காத்திருந்தால் பட்டமே போய்விடும், நின்று லாபமில்லை.

மழை வந்தால் அடுத்த வாரம் எழுத மாட்டேன். நான் எழுதவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள்.