மாற்றி வைக்கப்பட்ட குரல்

ஓர் இசைத்தட்டைக் குறித்துப் பலரும் சொல்லும் கருத்துகளைக் கேட்பது, சில வேளைகளில் அந்த இசையைக் கேட்பதினும் சுவையாக இருக்கிறது. ‘பேர்ட்ஸ்’ என்னும் அமெரிக்க இசைக்குழு 1968 ஆகஸ்ட் மாத இறுதியில் வெளியிட்ட ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ அத்தகைய ஒரு தட்டு. பதினொரே பாடல்கள். அவற்றைப் பற்றி எழுந்த வழக்கோ அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை.

1965-இல் இரண்டு பாடல்களால் அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த குழு அது. மின்சாரக் கிதார்களும் புதுமைத் துடிப்புமாக இளைஞர் உள்ளங்களில் குடியேறிய அக்குழு, 1968-இன் தொடக்கத்தில் ஆள் குறைந்து நின்றது. எஞ்சிய தலைவர்கள் ரோஜர் மக்கினும் கிறிஸ் ஹில்மனும், கிராம் பார்சன்ஸ் என்னும் 21 வயது இளைஞரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்த அவருக்குத் தென்னக வெள்ளையரின் கன்ட்ரி இசையே உயிர். அவருடைய இழுப்பில் குழு முழுவதும் அவ்விசையின் தலைநகரான நாஷ்வில் நகருக்குச் சென்றது.

இது எவ்வளவு துணிச்சலான செயல் என்பதை இன்று உணர்வது கடினம். வியட்நாம் போர் அமெரிக்க நாட்டை இரு கூறாகப் பிளந்திருந்த காலம். அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தட்டின் பதிவுகள் நடந்துகொண்டிருந்த அதே வேனிற்காலம். நீண்ட முடி வளர்த்த இளைஞர்களுக்குக் கன்ட்ரி இசை என்பது பழைமைவாதிகளின் இசை. கன்ட்ரி ரசிகர்களுக்கோ நீண்ட முடி என்பதே ஒழுக்கக்கேட்டின் அடையாளம்.

ஆகவே முதல் தீர்ப்பு தட்டு வெளிவருமுன்பே வழங்கப்பட்டுவிட்டது. 1968 மார்ச் மாதம், நாஷ்விலின் ரைமன் அரங்கில், 1925 முதல் வானொலியில் ஒலித்து வந்த ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ நிகழ்ச்சியில் பேர்ட்ஸ் குழுவினர் மேடையேறினர். முடியைச் சற்றுக் கத்தரித்துக்கொண்டுதான் சென்றார்கள். அப்படியும் அவையில் ஏளனக் கூச்சல் எழுந்தது. அறிவித்தபடி மெர்ல் ஹாகார்ட் என்னும் புகழ்பெற்ற பாடகரின் பாடலைப் பாடாமல், பார்சன்ஸ் தம் பாட்டியாருக்குக் காணிக்கை என்று கூறித் தாமே இயற்றுவதில் பங்குகொண்ட ‘ஹிக்கரி விண்ட்’ பாடலைத் தொடங்கிவிட்டார். நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்குச் சினம் பொங்கியது. முறை தவறியவர் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. ஏளனம் செய்தவர்களின் முன்னே தம் சொந்த ஊரின் நினைவைப் பாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும் என்பேன் நான்.

இளைஞர்களின் தீர்ப்பும் ஏறத்தாழ அதே. பில்போர்டு பட்டியலில் இத்தட்டு 77-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. கன்ட்ரி ரசிகர் அந்நியம் என்றார்; ராக் ரசிகர் துரோகம் என்றார். இரு வீட்டாருக்கும் வேண்டாத பிள்ளையாயிற்று. அதே தட்டைத்தான் 2003-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ், எக்காலத்துக்கும் சிறந்த 500 இசைத்தட்டுகளின் வரிசையில் 117-ஆவது இடத்தில் வைத்தது!

ஆனால் என் நெஞ்சைத் தொடுவது இந்த ஏற்ற இறக்கமன்று. பாடிய குரலை அழித்து வேறு குரல் வைத்த கதைதான்.

பார்சன்ஸ் முன்னர் லீ ஹேசல்வுட் என்பவரின் தட்டு நிறுவனத்தில் ஒப்பந்தமாகியிருந்தார். அதைக் காட்டி உரிமைப் பூசல் எழவே, அவர் பாடிய மூன்று பாடல்களில் அவருடைய முதன்மைக் குரல் நீக்கப்பட்டது. இரண்டில் மக்கின் தனித்தும், ஒன்றில் மக்கினும் ஹில்மனும் சேர்ந்தும் பாடினார்கள். புதிதாக வந்தவர் தட்டு முழுவதையும் கவர்ந்துகொள்வாரோ என்ற அச்சமும் இதில் கலந்திருந்தது என்பாரும் உளர். மூலக் குரல்கள் 1990-இல்தான் முதன்முறையாக வெளிவந்தன. பார்சன்ஸ் அதைக் காணவில்லை. 1973 செப்டம்பரில், 26 வயதிலேயே இறந்துபோனார்.

இரண்டு குரல்களையும் கொண்ட பதிப்பை என் மருமகன் வாங்கிவந்து தந்தார். வீட்டில் உடனே இரு கட்சிகள். “மாமா, மக்கின் குரல்தான் தெளிவு, மற்றவர் குரல் தழுதழுக்கிறது, சுருதியிலும் நிற்கவில்லை” என்றார் மருமகன். “தழுதழுக்க வேண்டிய பாட்டு, தழுதழுக்கத்தானே செய்யும்!” என்றாள் என் மகள். நான் மகளின் கட்சி. மருமகன் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், தண்ணீரின் அருமை கிணறு வற்றிய பின்னரே தெரியும் என்னும் கருத்தமைந்த அந்தப் பாடலில் பார்சன்ஸ் குரல் நடுங்கும் இடத்தில் நானும் சற்று நடுங்கிப்போகிறேன். மெம்பிஸ் நகரின் கறுப்பினப் பாடகர் வில்லியம் பெல் இயற்றிப் பாடியது அது. வெள்ளையர் இசை எனப்பட்ட ஒன்றினுள் அதைக் கொண்டுவந்து, பெடல் ஸ்டீல் கிதாரோடு இணைத்திருக்கிறார்கள். மேசைபோல் படுக்கவைத்து, நரம்புகளின் மீது எஃகுக் கோலை நகர்த்தி, காலாலும் முழங்காலாலும் சுருதியை வளைத்து வாசிக்கும் கருவி அது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் வழுக்கிச் செல்வதால், மனிதர் விம்முவது போலவே கேட்கும்.

1968 ஜூலையில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குழு புறப்பட்டபோது, நிறவெறி நாட்டில் பாட மாட்டேன் என்று பார்சன்ஸ் விலகிக்கொண்டார். லண்டனில் கிடைத்த புதிய நட்பை விட மனமில்லாமல் சொன்ன சாக்கு அது என்று உடனிருந்தோர் கசப்போடு கூறியதுண்டு. இருக்கலாம். குழுவினர் பிரித்து அமர்த்தப்பட்ட அவைகளின் முன்னே பாடிவிட்டுப் பழியோடு திரும்பினார்கள் என்பதும் மெய். நம்மவர் பல்லாயிரவர் அந்தச் சட்டங்களின் கீழ் வாழ்ந்த நாடு அது. எக்காரணத்தாலோ ஒருவர் போகாமல் இருந்தாரே என்று எண்ணத்தான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் கடுமையான வழக்கு ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ என்னும் பாடலைப் பற்றியது. லூவின் சகோதரர்கள் முன்னரே உளமாரப் பாடிய சமயப் பாடல். நண்பர்கள் கைவிட்டாலும் இறைவழியே போதும் என்பது அதன் பொருள். மக்கின் அதைத் தென்னக உச்சரிப்பை மிகைப்படுத்திப் பாடியிருக்கிறார். கேலி செய்கிறாரோ என்று கேட்டவர் ஐயுற்றனர். பார்சன்ஸ் பாடியதில் அந்த ஐயம் எழுவதில்லை. பிற சமயத்தாரின் பாடல்தான். எனினும் இறைபுகழைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த செவிக்கு, உள்ளத்திலிருந்து வருவதும் உதட்டிலிருந்து வருவதும் மொழி கடந்து விளங்கிவிடுகின்றன. மருமகன்கூட இந்த ஒரு பாடலில் எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

வியப்பு என்னவெனில், அதே மக்கின் 1970-களின் பிற்பகுதியில் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றாளராக மாறினார். தட்டின் ஐம்பதாம் ஆண்டான 2018-இல், தம் 76-ஆம் வயதில், ஹில்மனோடு ஊர் ஊராகச் சென்று இப்பாடல்களை மீண்டும் மேடையில் பாடினார். அப்போது அந்தச் சமயப் பாடலை அவர் பாடிய விதத்தைக் கேட்க வேண்டும். தேடித் தருமாறு மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.