பூனையும் மணற்றொட்டியும்

மணலைத் தோண்டி மலசலத்தை மூடுதல் பூனைக்கு இயல்பு. ஆதலின் திருக்காட்டுப்பள்ளியில் எம் இல்லத்தார் குடமுருட்டியாற்று மணலை ஒரு தொட்டியிலிட்டு வைத்தனர். சென்ற ஆண்டு எம் கடுவன் அதனை விடுத்து நெற்குதிரருகே நனைக்கத் தொடங்கிற்று. சாக்கிற் கட்டி அக்கரையில் விடுமாறு அயலார் கூறினர். அது முக்கியும் சொட்டுச் சொட்டாகவே நீர் இறங்கக் கண்ட யாம், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். நீர்த்தாரை அடைபட்டிருந்தது, ஓரிரு நாள் தாழ்த்திருப்பின் இறந்திருக்குமாம்.

தொட்டி அழுக்குறினும், இரு பூனைகட்கு ஒன்றே இருப்பினும், காயடிக்கப்பெறாத கடுவன் தன் எல்லையைக் குறிப்பினும் இவ்வாறு நேர்வதுண்டு. நாடோறும் மணலைத் தூய்தாக்குக, பூனைகளின் தொகையினும் ஒன்று மிகுதியாகத் தொட்டி வைக்க, கடுவனைக் காயடிப்பிக்க. அடித்தல் அச்சத்தையே வளர்க்கும். வாய்பேசா உயிரின் செயலைக் குற்றமெனத் தீர்க்குமுன் காரணம் ஆராய்தல் அதனை வளர்ப்பார் கடன்.