சோம்பல் என்று சொல்லிவிட்டேன்



மருமகளைக் குறை கூறும் மாமியார்களைப் பற்றி நீங்கள் நிறையவே கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிக் குறை கூறிய ஒரு மாமியாரே இன்று உங்களிடம் பேசுகிறேன்.

பாபநாசம் பக்கம், நெல்வயல்கள் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. மகன் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறான். மணமாகி வந்தபோது வீடெல்லாம் ஓடியாடிய மருமகள், பேரன் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் மாறிப்போனாள். பஜ்ருக்கு எழுப்பினால் எழ முடியாமல் தவிப்பாள். சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. உண்பது குறைவு, உடலோ பருத்தது. "தின்றுவிட்டுத் தூங்கினால் உடம்பு ஏறாதா?" என்று உறவினர் முன்னிலையிலேயே சொன்னேன். அவள் கம்மிய குரலில் ஏதோ முணுமுணுத்தாள். அதையும் அழுத்தம் என்றே எண்ணினேன்.

பேரனின் காய்ச்சலுக்காகத் தஞ்சை மருத்துவமனைக்குச் சென்றோம். குழந்தையைப் பார்த்த மருத்துவர், தாயின் வீங்கிய முகத்தையும் பார்த்தார். நாடி பிடித்தார், நான்கு கேள்விகள் கேட்டார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். தைராய்டு குறைபாடு என்று முடிவு வந்தது.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறு சுரப்பி இது. உடலின் வேகத்தை இதன் சுரப்பே நிர்ணயிக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது, உழவர்கள் தலைமடையை நோக்கிக் குரல் கொடுப்பார்கள் அல்லவா? அதுபோல, தைராய்டு சுரப்பு குறைந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் தூண்டுநீரை அதிகமாக அனுப்புகிறது. அதனால்தான் சுரப்பு குறைந்தவர்களுக்கு டி.எஸ்.எச். அளவு கூடிக் காணப்படுகிறது.

"வேதாரண்யத்துக் கல்லுப்பைச் சமையலில் போடுவதாலா?" என்று கேட்டேன். அயோடின் பற்றாக்குறையும் ஒரு காரணந்தான் என்றார் மருத்துவர். அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006 முதல் நாடெங்கும் தடை உள்ளது. ஆனால், என் மருமகளின் நோய் வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்கும் இதை, 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தார். உப்பை மாற்றினால் மட்டும் இது தீராது, மாத்திரை வேண்டும்.

மறுமுறை சென்றபோது வரிசையில் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். ஆண்கள் ஓரிருவரே, மற்றவர் அனைவரும் பெண்கள். ஒருத்திக்குக் குழந்தையில்லை என்று ஆண்டுக்கணக்கில் ஏச்சு. இன்னொருத்திக்குக் கரு தங்கவில்லை. ஒரு மூதாட்டியின் மந்தத்தை வீட்டார் முதுமை என்று விட்டுவிட்டனர். கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, மெலிந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்குச் சுரப்பு மிகுதி; அவளுக்கு வீட்டில் 'கோபக்காரி' என்று பெயர். சோம்பேறி, மலடி, மறதிக்காரி, கோபக்காரி என்று நாம் சூட்டிய பெயர்களெல்லாம் அந்த ஒரே வரிசையில் அமர்ந்திருந்தன.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்த வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தக் கூடாது. ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, ஸஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாக எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டாள் என் மருமகள். கருவுற்றாலோ மாத்திரையின் அளவு கூட வேண்டியிருக்கும். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சில மாதங்களில் முகம் தெளிந்தது. ஒரு நாள் விடியலில், "மாமி, பஜ்ருக்கு நேரமாச்சு" என்று அவளே என்னை எழுப்பினாள். தொழுது முடித்ததும் அவள் கையைப் பற்றி, "அன்று எல்லார் முன்னிலும் அப்படிச் சொன்னேனே, பொறுத்துக்கொள் அம்மா" என்றேன். "விடுங்க மாமி" என்றவள் அழுதுவிட்டாள். அதே உறவினரை வரவழைத்து, அவர்கள் முன்னிலையிலும் என் தவற்றைச் சொன்னேன்.

சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் ஒருத்தி காரணமின்றிச் சோர்ந்து கிடந்தால், பெயர் சூட்டாதீர்கள். முதலில் இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள்.