தோணியும் தேநீரும்

திராட்சை விளையும் நாடுகளிலே, ஆற்றில் தோணி விட்டுப் பின் கரையேறி மது சுவை பார்ப்பது ஓர் உல்லாசமாம். நம் ஊவாவில் மதுவுக்குப் பதில் தேநீர் இருக்கிறதே என்று எண்ணி, சென்ற ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

காலையில் மகியங்கனை. மலையில் குதித்தோடிய மகாவலி அங்கே சாந்தமாகச் செல்கிறது. அம்மா தோணியிலிருந்தபடி நீரில் கையை நனைத்து, "துன்ஹிந்தையிலே விழுற தண்ணி எங்கே போகுது?" என்றாள். 210 அடி வீழ்ந்த பின் பதுளு ஓயாவும் மகாவலியையே சேர்கிறது என்றேன்.

மாலையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து, மணம் செறிகிறது. ஊவாத் தேயிலையின் பெருமைக்கு அதுவே காரணம். வெண்கோப்பைகள் வரிசையாயிருந்தன. கரண்டியால் எடுத்து, ஓசையெழ உறிஞ்சி, நாவிற் சுழற்றி உமிழ வேண்டும் என்றார் ஊழியர்.

அம்மா உறிஞ்சினாள், உமிழவில்லை.

"நம்ம கொழுந்து இப்படியா இருக்கும்?" என்றாள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்து பறித்தவள் அவள். எங்கள் லயத்தில் கொதித்ததெல்லாம் தூளே. கொழும்பிலே சம்பளம் வாங்கும் நானும் அவளுக்கு நல்ல தேயிலை வாங்கித் தந்ததில்லை. வெட்கம் என் தொண்டையை அடைத்தது.

அன்று வாங்கிக் கொடுத்த பொட்டலத்தை அம்மா இன்னும் பிரிக்கவில்லை. விருந்தினர் வந்தால் ஊற்றிக் கொடுக்கவாம்.

வரும் ஞாயிறன்று நானே விருந்தினனாகச் செல்லவிருக்கிறேன்.