கூடையில் கிடக்கட்டும், ஜும்ஆ வரை!

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. உந்தப் பொலித்தீன் புகை இவருக்கு இழுப்பைக் கொண்டு வருது."

வேலிக்கு அப்பால் நின்று பக்கத்து வீட்டு அக்கா இதைச் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. என் கையில் தீப்பெட்டி. காலடியில், மகள் கைபேசி மூலம் வரவழைத்த சாமான்களின் உறைகள் சுருண்டு எரிந்துகொண்டிருந்தன.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 13 வயது. உம்மா ஒரே ஒரு பையோடு புறப்பட்டார். புத்தளத்தில் வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, நெடுங்காலம் கழித்துத் திரும்பி வந்து மருதனார்மடத்தில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த அயலவர்கள்தான் இப்போது எங்களுக்கு உறவு. அவர்கள் வீட்டுக்குள் நஞ்சுப் புகையை அனுப்பிவிட்டேனே!

புகையோடு முடிந்துவிடுவதில்லை. இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு. நிலத்தில் கொட்டுவது கிணற்றுக்குப் போகும். பக்கத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019-இல் இழப்பீட்டுக்குத் தீர்ப்பானது. அதையெல்லாம் அறிந்த நானே வளவில் பொலித்தீன் எரித்தேன்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் மகளும் நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மருமகன் கத்தாரில் வெயிலில் நின்று அனுப்பும் காசு. ஒரே மாதத்தில் 11 பொதிகள்! அவற்றில் 3 உடுப்புகள் அளவில்லாமல் அலமாரியில் கிடந்தன. ஒரு சிறிய ஊசிப்பெட்டிக்கு மூன்று உறைகள். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்திருக்கின்றன.

"நான் தேடிப் போறதில்லை உம்மா. 'இன்றிரவு 12 மணி வரை மட்டும்' எண்டு போன் கூப்பிடுது. கை தானாப் போகுது" என்றாள் மகள். கண் கலங்கியிருந்தது. பிள்ளையைத் திட்ட மனம் வரவில்லை.

பிறகு அவளே தான் படித்த ஒரு செய்தியைச் சொன்னாள். சீனாவில் அலிபாபா நிறுவனத்தின் உணவுச் செயலியில் ஒரு சிறு மாற்றம் செய்தார்களாம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கரண்டியும் குச்சியும் வராது. வேண்டுமென்றால் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவருக்குப் புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தால் அவர் பெயரில் ஒரு மரம். இதனால், கரண்டி வேண்டாம் என்ற ஓடர்களின் பங்கு 648 சதவீதம் கூடியதாக 2023-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியானது. அதாவது ஏறத்தாழ ஏழரை மடங்கு! இந்தியாவில் சொமாட்டோவும் 2021-இல் கரண்டியைக் கேட்டால் மட்டுமே தருவது என்று மாற்றியது.

சகோதரிகளே, யோசித்துப் பாருங்கள். அங்கே யாரையும் யாரும் கண்டிக்கவில்லை. கேளாமலே வந்ததைக் கேட்டு வாங்க வேண்டியதாக்கினார்கள், அவ்வளவுதான். நம்மை வாங்கு வாங்கு என்று இழுக்கும் அதே கருவியால் நம்மை நிறுத்தவும் முடியும்.

எங்கள் வீட்டு போனையும் அப்படி மாற்றினோம். முதலில், கடைச் செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்தினோம். அடுத்தது, விரும்பியதைக் கூடையில் போடலாம். ஆனால் ஜும்ஆ வரை அது அங்கேயே கிடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் திறந்து பார்த்தால் பாதிச் சாமான் ஏன் போட்டோம் என்றே நினைவிருக்காது! பிள்ளைகளின் தோள், கை, நீள அளவுகளை நாடாவால் அளந்து போனிலேயே குறித்து வைத்தோம். விற்பவர் போடும் படத்தை நம்பாமல், வாங்கியவர்கள் போட்ட படத்தைப் பார்க்கிறோம். தேவையானவற்றைச் சேர்த்து ஒரே தடவையில் ஓடர் செய்கிறோம். 'தனித்தனி உறை வேண்டாம்' என்று கடைக்காரருக்கு எழுதுகிறோம். சிலர் கேட்கிறார்கள், சிலர் கேட்பதில்லை.

சந்தையில் கிடைப்பதைச் சந்தையிலேயே வாங்குகிறோம். மருதனார்மடச் சந்தைக்குப் பனையோலைக் கூடையோடு போனால் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் உறையில்லாமல் வீடு வரும்.

போன மாதம் வந்தவை 2 பொதிகள். மட்டைப் பெட்டிகளைக் கிழித்து வாழையடியில் போட்டேன். தீப்பெட்டி குசினியை விட்டு வெளியே வரவில்லை. மிஞ்சிய காசில் மகள் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டாள். ஒரு பங்கை ஸதகாவுக்கு ஒதுக்கினாள்.

வுளூச் செய்யும்போது ஒரு செம்புத் தண்ணீர் கூடினாலே வீண்விரயம் என்று எங்களைக் கண்டித்தவர் உம்மா. விரல் நுனியில் நடக்கும் வீண்விரயத்தை அவர் கண்டதில்லை. நாம் காண்கிறோம். இன்றிரவு உங்கள் போனிலுள்ள கூடையை ஒருமுறை திறந்து பாருங்கள். அவசரமில்லாதது வெள்ளிக்கிழமை வரை கிடக்கட்டும்.

நேற்று வேலியருகே அந்த அக்கா மறுபடி கூப்பிட்டார். நெஞ்சு திக்கென்றது. "தங்கச்சி, நீங்கள் ஓடர் போடேக்குள்ள மருமகளின்ர சாமானையும் சேர்த்துப் போடுறீங்களே? ஒரே பெட்டியில வரட்டும்" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ்! இவருடைய இழுப்பு எப்படி என்று கேட்டேன். "இப்ப பரவாயில்லை" என்று சிரித்தார்.