மென்தகட்டின் சாட்சி

1904ஆம் ஆண்டு. எலக்ட்ரானைக் கண்டறிந்து புகழ்பெற்ற ஜே. ஜே. தாம்சன், கேம்பிரிட்ஜில் ஒரு புதிருக்கு விடை தேடிக்கொண்டிருந்தார். பொலோனியம் உமிழும் ஆல்பா துகள்கள் நேர்மின்னூட்டம் உடையவை என்றால், அவற்றை இழக்க இழக்கப் பொலோனியத் தகடு எதிர்மின்னூட்டம் பெற்றாக வேண்டும். கருவியோ நேர்மாறாகக் காட்டியது. மெல்ல நகரும் எலக்ட்ரான்கள் திரளாக வெளியேறி, ஆல்பாவின் மின்னூட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தன. வலிய காந்தப்புலத்தால் அவற்றை வளைத்துத் திருப்பிய பின்னரே உண்மை துலங்கிற்று. டெல்டா கதிர்கள் எனப் பெயர்பெற்ற அவ்வெலக்ட்ரான்கள் அன்று அளவீட்டைக் கெடுக்கும் இடையூறாகவே கருதப்பட்டன.

அவை எங்கிருந்து வருகின்றன? விரைந்து பாயும் அயனி ஒன்று திண்மப் பொருளுக்குள் நுழையும்போது, வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகிறது. ஆழத்தில் பெயர்ந்தவை மோதி மோதி ஆற்றல் இழந்து உள்ளேயே அடங்கிவிடும். மேற்பரப்பை ஒட்டிய சில நானோமீட்டருக்குள் பிறந்தவையே பெரும்பாலும் வெளியுலகைக் காண்கின்றன. அயனி புகும் பக்கத்தைவிட வெளியேறும் பக்கத்தில் அவை மிகுதி. ஆல்பா துகள் ஒன்று சில எலக்ட்ரான்களையே வெளியேற்றும். யுரேனியம் போன்ற கனமான அயனியோ நூற்றுக்கணக்கில் வெளியேற்றவல்லது. அவற்றுள் சில, அயனியின் வேகத்திலேயே அதனுடன் சேர்ந்து செல்வதும் உண்டு, வழித்துணை எனலாம்.

இவ்வாய்வுக்கு வேண்டிய கார்பன் மென்தகட்டை உருவாக்குவது இயற்பியலைவிடக் கைவினைக்கே நெருக்கமானது. சோப்புப் படலம் பூசிய கண்ணாடியின்மேல், வெற்றிடத்தில் கார்பன் ஆவியைப் படியச் செய்வர். பின்னர் அக்கண்ணாடியைச் சாய்வாக, மிக மெதுவாக நீரில் அமிழ்த்துவர். சோப்பு கரைய, படலம் கண்ணாடியை விட்டுப் பிரிந்து நீர்ப்பரப்பில் மிதக்கும். அடியிலிருந்து ஓர் உலோகச் சட்டத்தை உயர்த்தி அதனை ஏந்தி எடுக்க வேண்டும். தடிப்பு சில பத்து நானோமீட்டரே. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. கை சற்றே நடுங்கினாலும் கிழிந்துவிடும். கிழிந்தால் மீண்டும் கண்ணாடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இத்தகைய தகடுகளே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில், 112ஆம் தனிமத்தைத் தேடியபோது வாயிற்காவலாய் நின்றன. துத்தநாக அயனிகளை ஈயத்தின்மீது நாள்கணக்கில் பொழிந்தாலும், இரண்டும் இணைந்து புதிய அணு பிறப்பது மிக அரிது. பிறந்த அணு நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவில் பாய்ந்து, மென்தகடுகளைத் துளைத்துச் சென்று சிலிக்கான் உணரியில் புதையும். தகட்டைக் கடக்கும் கணத்தில் தெறிக்கும் எலக்ட்ரான்களைப் பெருக்கிகள் பன்மடங்காக்கி, 'ஓர் அணு சென்றது' என்று அறிவிக்கும்.

தகட்டின் மௌனத்திற்கும் பொருள் உண்டு. உணரியில் குறிப்பு எழுந்தும் தகடு பேசாதிருந்தால், வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. முன்பே புதைந்திருந்த அணுவே ஆல்பா துகளை உமிழ்ந்து சிதைந்திருக்கலாம். அவ்வாறு அடுத்தடுத்துப் பதியும் சிதைவுகளின் ஆற்றலையும் கால இடைவெளியையும் கோத்தே புதிய தனிமத்தை அடையாளம் காண்பர். 1996 பிப்ரவரி 9 அன்று, தகடுகள் ஒருமுறை பேசின. அடுத்து உணரியில் ஆல்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தன, தகடுகள் வாய்திறக்கவில்லை. இன்று கோப்பர்னீசியம் எனப்படும் தனிமத்தின் ஓர் அணு அங்கே வந்து மறைந்திருந்தது.